பொடம்பேட்டைக்குப் போய் வந்தோம்

ஹவுராவில் சென்னை வண்டி ஏறியதும் நம்மவர் செய்யும் முதற் காரியம் மேற்படுக்கையைக் கைப்பற்றுவது. இரண்டாவது காரியம் உறங்குவது. கண் விழிக்கும்போது விசாகப்பட்டினம் வந்திருக்கும். "இன்னும் பாதி வழிதான்" என்று சொல்லிக்கொண்டு தேநீர்க்காரரைத் தேடுவோம். நானும் மூன்று ஆண்டுகள் அப்படித்தான் ஊருக்குப் போய் வந்தேன். அந்த உறக்கத்தில் எதை விட்டுவிட்டு வந்தேன் என்பது 2025 பிப்ரவரியில்தான் எனக்குத் தெரிந்தது.

நாம் உறங்கும் அந்த நள்ளிரவில் வண்டி சிலிகா ஏரியின் கரையை ஒட்டி ஓடுகிறது. ரம்பா, ஹும்மா, கஞ்சம் என்னும் சிறு நிலையங்களைத் தாண்டுகிறது. பிறகு தடதடவென்று ஒரு பாலத்தின்மேல் ஏறுகிறது. கீழே ஓடும் ஆறு ருசிகுல்யா. கிழக்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த அந்த ஆறு, பாலத்துக்குக் கிழக்கே சிறிது தொலைவிலேயே வங்கக் கடலில் கலந்து விடுகிறது. அது கலக்கும் இடத்தில், ஆற்றுக்கு வடகரையில், புருணாபந்தா, கோகர்குடா, பொடம்பேட்டை என்று மூன்று சிற்றூர்கள் உள்ளன. அவற்றின் கடற்கரைக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கடலாமைகள் முட்டையிட வருகின்றன. ஒரே இடத்தில் இவ்வளவு ஆமைகள் ஒருங்கே கரையேறும் காட்சி உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில்தான் உண்டு. மெக்சிகோவிலும் கோஸ்டாரிக்காவிலும் அதைக் காணலாம். நம் நாட்டில் ஒடிசாவில் காணலாம்.

கஞ்சம் நமக்கு அயலூர் அன்று என்பதையும் இங்கேயே சொல்லி விடுகிறேன். 1936 ஏப்ரல் முதல் நாள் ஒரிசா தனி மாகாணம் ஆகும்வரை இது சென்னை மாகாணத்தின் வடகோடி மாவட்டமாக இருந்தது. நம் பாட்டனார் காலத்துப் பள்ளிப் படத்தில் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து விரலை நகர்த்திக்கொண்டு போனால் கடைசியாகக் கஞ்சத்தில்தான் வந்து நிற்கும். கஞ்சம் என்னும் ஊர் ஒரு காலத்தில் துறைமுகப் பட்டினம், மாவட்டத்தின் தலைநகர். 1815ஐ ஒட்டிப் பரவிய ஒரு கொடிய காய்ச்சலுக்குப் பிறகு அதிகாரிகள் வேறிடம் போனார்கள். ஊர் சிறுத்துப் போயிற்று.

நாங்கள் மூவர் புறப்பட்டோம். ஒருவர் நாகப்பட்டினத்துத் தோழர், மீனவர் குடும்பத்துப் பிள்ளை. மற்றவர் கோவைக்காரர், கடலை விடுமுறையில் மட்டும் கண்டவர். மூன்றாமவன் நான். ஹவுராவிலிருந்து பெர்ஹாம்பூர் சுமார் 600 கிலோமீட்டர். இன்று அதனைப் பிரம்மபூர் என்று எழுதுகிறார்கள். அங்கே இறங்கி, நெடுஞ்சாலையில் வடக்கே பேருந்தில் ஒரு மணி நேரம் வந்து கஞ்சத்தில் இறங்கினோம். அதற்குமேல் ஓர் ஆட்டோ.

ஆட்டோ கடலை நோக்கித் திரும்பியதும் வழியின் இருமருங்கும் முள் வேலியாகத் தாழை! நெய்தல் நிலத்துத் தாழையைப் பாடத்தில் படித்திருக்கிறேன். இவ்வளவு அடர்த்தியாக அதுவரை கண்டதில்லை. கஞ்சம் மாவட்டத்துத் தாழைக்குப் புவிசார் குறியீடே வழங்கியிருக்கிறார்கள். ஆண் பூவுக்குத்தான் மணம். மழைக்காலத்தில் விடியுமுன் அதைப் பறித்து, செப்புப் பானையில் நீரோடு இட்டுக் காய்ச்சி, ஆவியைக் குளிரச் செய்து அத்தர் இறக்குகிறார்கள். கல்கத்தா பிரியாணியில் நாம் முகர்ந்து, "என்ன வாசனை இது?" என்று முகம் சுளித்தோ மகிழ்ந்தோ கேட்பது இந்தத் தாழம்பூ நீரின் மணமே. பிப்ரவரியில் பூ இல்லை, மடல்கள் மட்டும். கோவைத் தோழர் ஒரு மடலைத் தொட்டுப் பார்த்து விரலைக் கீறிக்கொண்டார்.

பொடம்பேட்டையில் இறங்கியதும் எங்களை முதலில் வரவேற்றது கருவாட்டு மணம். அடுத்து வரவேற்றது தெலுங்கு. ஒடிசாவில் தெலுங்கா என்று வியக்க வேண்டா. இக்கடற்கரையின் மீனவர் பலர் தலைமுறைகளுக்கு முன்னே ஆந்திரக் கரையிலிருந்து வடக்கே வந்து குடியேறியவர்கள். நோலியர் என்று இவர்களைச் சொல்லுவார்கள். பேச்சு தெலுங்கு, பள்ளிப் படிப்பு ஒடியா. ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்பதும் நம் 'பேட்டை'தான். ஆமையைத் 'தாபேலு' என்றார்கள். அலையை 'அல' என்றார்கள். வீட்டை 'இல்லு' என்றார்கள். இந்த 'இல்லு' என்ற சொல் அன்று மாலையே வேறொரு வகையில் என் நினைவில் பதிந்தது.

கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மையாரிடம் நாகைத் தோழர் கைச்சாடையாலும் அரைகுறைத் தெலுங்காலும் பேச்சுக் கொடுத்தார். வீடு எங்கே என்று கேட்டார். அவர் நிமிர்ந்து கடலைப் பார்த்துக் கையை நீட்டினார். "மா இல்லு அக்கடே உண்டேதி" என்றார். 'எங்கள் வீடு அங்கேதான் இருந்தது' என்பது பொருள். அவர் கை நீட்டிய இடத்தில் அலை உடைந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து மறுபடி மீனைப் புரட்டத் தொடங்கி விட்டார்.

பழைய பொடம்பேட்டையைக் கடல் பெரும்பாலும் கொண்டு போய் விட்டது. ஒரேயடியாக அல்ல, வரிசை வரிசையாக. கடலை நோக்கிய முதல் தெரு, பிறகு இரண்டாம் தெரு. ஊரார் உள்ளே தள்ளிக் கட்டிய புதுக் குடியிருப்புக்குப் போய் விட்டார்கள். பழைய இடத்தில் கூரையற்ற சுவர்கள் நிற்கின்றன. ஒரு சமையலறையின் பாதி இருந்தது, மறுபாதி இல்லை. அடுப்புக் கரி படிந்த சுவர் கடலைப் பார்த்து நின்றது. ஒரு கிணற்றைச் சுற்றிலும் மண் அரித்துப் போய், அதன் உறைகள் மட்டும் புகைபோக்கி போல மணலுக்கு மேலே உயர்ந்து நின்றன. கிணற்றை வெளியிலிருந்து அண்ணாந்து பார்ப்பது விசித்திரமான அனுபவம்.

இந்த அரிப்பு ஏன் நேர்கிறது? நம் கிழக்குக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும் பகுதி தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதுகின்றன. ஒவ்வோர் அலையும் ஒரு பிடி மணலை எடுத்துச் சற்று வடக்கே போடுகிறது. ஆகவே கரை மணல் முழுவதும் ஓயாமல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். நேற்றைய மணல் போகும், தெற்கிலிருந்து புது மணல் வரும், கணக்குச் சரியாகும். நடுவில் கடலுக்குள் கல்லைக் கொட்டி ஓர் அணை நீட்டினால் அந்த ஓட்டம் தடைப்படும். அணைக்குத் தெற்கே மணல் குவியும், வடக்கே உள்ள ஊருக்கு வர வேண்டிய மணல் வராது, அலை அரிக்கும். இதற்குச் சான்று தேடி நாம் எங்கும் போக வேண்டுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரைந்தது. நாம் சுண்டல் தின்று உலாவும் மணலில் ஒரு பங்கு ராயபுரத்துக்குப் போயிருக்க வேண்டியது! பொடம்பேட்டையாரும் தெற்கே கடலுள் நீளும் கல்லணைகளைத்தான் குறை கூறுகிறார்கள். அது ஒன்றே காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கழிமுகம் தானே இடம் மாறும் இயல்புடையது; 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் கோபால்பூர் அருகில்தான் கரை கடந்தது. புயல் ஓர் இரவில் எடுத்த மணலைக் கடல் திருப்பித் தர ஆண்டுகள் ஆகும், சில வேளை தராமலே போகும்.

அன்று மாலைதான் காசிமேட்டு அண்ணனைச் சந்தித்தோம். அவருடைய பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. காரணம் பின்னே விளங்கும். படகின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் கட்டு. நாங்கள் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டதும், "மெட்ராஸா நீங்க? வா தம்பி, குந்து" என்றார். எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டுமா? எட்டு ஆண்டுகளாகச் சென்னைக் காசிமேட்டில் விசைப்படகு வேலை. கயிறு இழுக்கையில் காலில் அடிபட்டு, ஆறுவதற்காக ஊருக்கு வந்திருந்தார். வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறும் புளி ஊற்றிய மீன் குழம்பும் போடச் செய்தார். நாகைத் தோழர் மூன்று முறை சோறு கேட்டு வாங்கினார்.

"இரவு வருமா அண்ணே?" என்று ஆமையைப் பற்றிக் கேட்டேன். அவர் காற்றை முகர்ந்து பார்த்தார். "தென்னங்காத்து வந்துடுச்சு. மூணு நாளா வருது. இன்னைக்கும் வரும்" என்றார். தெற்கிலிருந்து பலத்த காற்று வீசத் தொடங்கினால் ஆமைகள் கரையேறும் என்பது இவ்வூராரின் அனுபவம். 1994இல் பிவாஷ் பாண்டவ் என்னும் ஆய்வாளர் வாயிலாகத்தான் இந்த முட்டையிடும் கரையை அறிவியல் உலகம் அறிந்தது. வடக்கே கஹிர்மாதாவை அறிந்தது 1974இல். ஊராருக்கோ இது பாட்டன் காலத்துச் செய்தி.

நாம் காணப் போகும் ஆமை எது என்பதைச் சிறிது விளக்குகிறேன். ஓட்டின் நிறம் ஆலிவ் காயைப் போல் இருப்பதால் ஆலிவ் ரிட்லி என்பார்கள். ரிட்லி என்னும் பெயர் எப்படி வந்தது என்பது உறுதியாகத் தெரியவில்லை. கடலாமைகளில் இது சிறிய இனம். ஆயினும் நாற்பது கிலோ எடை இருக்கும். நம் மீனவர் இதற்கு வைத்த பெயர் பங்குனி ஆமை. நாகைத் தோழர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். மாசி, பங்குனியில் நம் கரையிலும் ஒன்றிரண்டாக ஏறி முட்டையிடும். அங்கே ஒன்றிரண்டாக வருவது இங்கே இலட்சமாக வருகிறது. நவம்பர் முதலே கழிமுகத்துக்கு எதிரே கடலில் கூடத் தொடங்கும், இணை சேரும், காத்திருக்கும். பிறகு ஏதோ ஓர் இரவில் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் கரை ஏறும். சில நாட்கள் இது தொடரும். சில ஆண்டுகளில் இவ்வாறு கூட்டமாக வராமலே போவதும் உண்டு. 2025 பிப்ரவரியில் சுமார் பத்து நாட்களில் ருசிகுல்யாவில் ஏறியவை ஏறத்தாழ 7 இலட்சம் என்று கணக்கிட்டார்கள்.

விடியுமுன் நான்கு மணிக்கு அண்ணன் எங்களை எழுப்பினார். கைப்பேசிகளை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொண்டார். "வெளிச்சம் கண்டா திரும்பிப் போயிடும்" என்றார். கரையின் நீளத்துக்கு வனத்துறையினர் வலை வேலி கட்டியிருந்தார்கள். அதற்கு இப்பால் நிற்க மட்டுமே அனுமதி. தேய்பிறை நிலா இருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. கரை முழுவதும் கருங்கற்கள் கிடக்கின்றன என்றே நினைத்தேன். பிறகு ஒரு கல் நகர்ந்தது.

கண் பழகியதும் எல்லாக் கற்களும் நகர்ந்தன. நுரையிலிருந்து ஒன்று வெளிவரும், இளைப்பாறும், இழுத்து இழுத்து மேலே ஏறும். ஈரம் தாண்டியதும் நின்று பின் துடுப்புகளால் குழி தோண்டும். குடுவை போன்ற குழி, முழங்கை ஆழம் இருக்கும். தான் தோண்டுவதைத் தானே பார்க்க முடியாத நிலையில் அவ்வளவு ஒழுங்காக எப்படித் தோண்டுகிறதோ! சுமார் நூறு முட்டை இடும். மணலைத் தள்ளி மூடும். மூடிய பிறகு ஒரு வேலை செய்யும். அதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. உடம்பை இருபுறமும் மாற்றி மாற்றித் தூக்கி மணலில் அடித்து இறுக்கும். திம், திம், திம் என்று ஓசை. நூற்றுக்கணக்கில் அடிக்கும்போது கரையே தாளம் போடுவது போலிருந்தது. கண்ணிலிருந்து நீர் வழியும் என்று படித்திருந்தேன். அது அழுகை அன்று, உடம்பில் மிகுந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை. கோவைத் தோழர் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. "எதுவாயினும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முகத்தை வேறு புறம் திருப்பிக்கொண்டார்.

இடநெருக்கடியால் பின்னே வருவது முன்னே வந்ததன் குழியையே தோண்டி முட்டைகளை வெளியே எறிவதும் உண்டு. விடிந்ததும் வேலிக்கு அப்பால் வெண்முட்டைகள் சிதறிக் கிடந்தன, காகங்கள் வந்து விட்டன. மீந்த முட்டைகள் சுமார் ஐம்பது நாளில் பொரியும். மணலின் சூடுதான் அடைகாக்கும் தாய். சூடு மிகுந்தால் பெரும்பாலும் பெண் குஞ்சுகள், குறைந்தால் ஆண் குஞ்சுகள். வெளிவந்த குஞ்சு, அடிவானில் எங்கே வெளிச்சம் மிகுதியோ அங்கே ஓடும். இயற்கையில் இரவில் கடற்பக்கமே வெளிச்சமானது. இப்போதோ ஊர்ப்பக்கம் நெடுஞ்சாலை விளக்கும் ஆலை விளக்கும் எரிகின்றன. குஞ்சுகள் திசை மாறி ஊரை நோக்கி ஓடி, நாய்க்கும் நரிக்கும் வெயிலுக்கும் இரையாகும். இம்மூன்று ஊர் இளைஞர்கள் அந்த நாட்களில் இரவெல்லாம் கூடையும் வாளியுமாய் நின்று, திசை தவறியவற்றைப் பொறுக்கிக் கடலில் விடுகிறார்கள். வளர்ந்து பருவம் எய்துவது ஆயிரத்தில் ஒன்று என்பார்கள். அந்த ஒன்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2021இல் ஒடிசாக் கரையில் துடுப்பில் உலோக வில்லை மாட்டிய ஓர் ஆமை, 2025இல் மகாராட்டிரத்துக் குகாகர் கரையில் முட்டையிட்டிருக்கக் கண்டார்கள். ஒடிசாவில் வில்லை மாட்டியவை இலங்கைப் பக்கமும் மன்னார் வளைகுடாவிலும் அகப்பட்டதுண்டு. ஆகவே இது ஒடிசா ஆமை, அது தமிழ்நாட்டு ஆமை என்று பிரிப்பதற்கில்லை.

திரும்பும்போது நாகைத் தோழர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஆமை வர்ற மாசத்துல உங்களுக்கு வேலை என்ன அண்ணே?"

கடலாமை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி புலிக்கு நிகரான பாதுகாப்புப் பெற்ற உயிர். ஆமைகள் கூடும் காலத்தில் இக்கழிமுகத்தைச் சுற்றி, கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை, நவம்பர் முதல் நாளிலிருந்து மே 31 முடிய மீன்பிடி தடை. நம் கரையில் மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளை நிறுத்துவது 61 நாட்கள். அதற்கே நாம் மீன் விலையைப் பற்றிப் புலம்புகிறோம். இங்கே ஏழு மாதம். தடையின் காரணம் நியாயமானது. ஆமை நீரில் வாழ்ந்தாலும் மூச்சுக் காற்றுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவை வலை கடலடியில் மணிக்கணக்கில் இழுபடும்போது உள்ளே மாட்டிய ஆமை மூச்சு முட்டிச் செத்து விடுகிறது. வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்தி மேலே ஒரு வாயில் விட்டால் மீன் கம்பிகளின் ஊடே போகும், ஆமை வாயில் வழியாக வெளியேறும். மீனும் கொஞ்சம் வெளியேறும் என்பதால் பலர் அதனைப் பொருத்துவதில்லை.

அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அரசு தரும் உதவிப் பணம் வருகிறது, ஏழு மாதத்துக்கு அது காணாது. இங்கே கரையில் உட்கார்ந்தால் வட்டி ஏறும். ஆகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்கு வண்டி ஏறுவது வழக்கமாயிற்று. "இந்த ஊரு ஆம்பளைங்க பாதிப் பேரு வெளியூருலதான் தம்பி."

"அங்கே என்ன வலை?"

"இழுவ வலதான்."

"ஆமை வராதா?"

"வரும். இங்க வர்ற அதே தாபேலுதான். செத்து வரும். தண்ணில தள்ளி விடுவோம்." சிறிது நின்று, "தள்றதுக்கு முன்னாடி நான் ஒரு கும்பிடு போடுவேன். சாமி இல்லியா?" என்றார்.

இம்மக்களுக்கு ஆமை கூர்ம அவதாரம். சிகாகுளம் பக்கத்து ஸ்ரீகூர்மம் கோயிலில் மூலவரே ஆமை வடிவம். அந்தக் கரையோடு உறவுள்ளவர்கள் இவர்கள். எங்கள் மூவரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, விடுதியில் அமர்ந்து, 'மீனவர்களுக்கு இரக்கமே இல்லை' என்று நான் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சு எனக்கு நினைவு வந்தது. ஒடிசாவில் ஆமையைக் காப்பாற்றுவதற்காகக் கடலை விட்டு விலக்கப்பட்டவர், சென்னையில் அதே ஆமை சாகும் வலையை இழுக்கிறார். இதில் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது? தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏழு மாதத்தின் விலையை நாட்டிலேயே மிகவும் ஏழையான சில நூறு குடும்பங்கள் மட்டும் கொடுக்க வேண்டும் என்பதும், வலையில் கம்பிச் சட்டம் பொருத்த வேண்டிய பெரிய படகுகள் அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கலாம் என்பதும் எந்த நீதியில் சேரும்? ஒரு கரையில் மட்டும் காப்பாற்றி முடிகிற உயிரா அது?

போய்வர விரும்பும் தோழர்களுக்குச் சில சொல்கிறேன். பிப்ரவரி இறுதியும் மார்ச்சும் ஏற்ற காலம். ஆனால் ஆமை நம் பயணச்சீட்டைப் பார்த்து வருவதில்லை. ஏமாற்றத்துக்கும் ஆயத்தமாகப் போங்கள். ஏப்ரலில் குஞ்சு பொரிப்பைக் காணலாம். பொடம்பேட்டையில் விடுதி கிடையாது. பிரம்மபூரில் தங்கலாம், அல்லது கோபால்பூரில் தங்கலாம். விளக்கு, கைப்பேசி, வெள்ளைச் சட்டை மூன்றும் வேண்டா. ஆமையைத் தொடுவதும் அதன்மேல் காலை வைத்துப் படமெடுப்பதும் குற்றம். அப்படி ஒரு கூட்டத்தையும் நாங்கள் கண்டோம், காவலர் விரட்டினார். ஊருக்குள் போய்ச் சோறு உண்டு, அதற்கு விலை கொடுங்கள். அண்ணன் எங்களிடம் வாங்க மறுத்தார். நாகைத் தோழர் அவருடைய மகளின் புத்தகப் பைக்குள் பணத்தை வைத்துவிட்டு வந்தார். நேரமிருந்தால் ரம்பாவில் இறங்கிச் சிலிகாவையும் பாருங்கள். நாங்கள் பார்த்தோம், ஆனால் அப்போது எங்கள் மனம் ஏரியில் இல்லை.

சென்னையில் 1988 முதல் மாணவர்கள் சேர்ந்து ஆமைக்காக இரவில் கடற்கரை நெடுக நடக்கிறார்கள். முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். டிசம்பர் விடுமுறையை நீட்டிக்க முடிந்த நம் மன்றத்துத் தோழர் சிலர் அவர்களோடு நடக்க எண்ணியிருக்கிறார்கள். கோவைத் தோழர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார்.

கால் ஆறியதும் மார்ச்சில் அண்ணன் சென்னைக்கு வண்டி ஏறி விட்டார். ஏப்ரல் இரண்டாம் வாரம் அங்கிருந்து தொலைபேசியில் பேசினார். குஞ்சுகள் வெளிவரத் தொடங்கி விட்டன என்று வீட்டில் சொன்னார்களாம்; அவருடைய மகள் ஓர் இரவில் இரண்டு கூடை பொறுக்கினாளாம். "நான் பாத்து ஆறு வருசம் ஆச்சு தம்பி" என்றார்.

மே மாதம் நான் ஊருக்குப் போகையில் மேற்படுக்கை வேண்டாமென்று சன்னலோர இருக்கை கேட்டு வாங்கிக்கொண்டேன். சிலிகா தெரியவில்லை, இருட்டு. கஞ்சம் நிலையத்தில் வண்டி நிற்கவில்லை. பாலத்தின் ஓசை கேட்டதும் எழுந்து கதவருகில் போய்க் கிழக்கே பார்த்தேன். கீழே ஆற்று நீர் சிறிது மினுங்கியது. அப்பால் கடல் இருக்கும் பக்கம் இரண்டு மூன்று விளக்குகள் தெரிந்தன. எண்ணி முடிப்பதற்குள் பாலம் முடிந்து விட்டது. "கதவை மூடுப்பா, காத்து அடிக்குது" என்று உள்ளேயிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.